கவனக்குறைவு

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ராயபுரத்தில் எட்டு ஓவர்லாக் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற ஒருவர், தான் கொடுத்த காசோலை ஒன்றை நிறுத்திவைக்கும்படி எழுதிய கடிதத்தை என் கவுண்டரில் நீட்டினார். சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் எடுக்க வந்தவர்கள் வாசல்வரை நின்றிருந்த நேரம். கடிதத்தை வாங்கிக்கொண்டு "சரிங்க" என்றேன். காசோலை எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிவதற்குள் யாரோ பாஸ்புத்தகத்தை நீட்டினார்கள். கடிதம் டிராயருக்குள் போயிற்று. திங்கட்கிழமை கிளியரிங்கில் காசோலை பாஸாயிற்று. ரூ. 42,000.

அவர் சத்தம் போடவில்லை. புகார் எழுதிக் கொடுத்தார். தமிழில், தேர்ந்த கையெழுத்தில், 'தங்கள் ஊழியரின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்திருந்தார். பணத்தை நான் கட்டினேன். அது எனக்கு மூன்றாவது மெமோ.

ஏழு மாதம் கழித்து கோயமுத்தூரில் ஒரு மனநல மருத்துவர் இரண்டு அமர்வுகள் என்னை விசாரித்து, என் பள்ளி ரிப்போர்ட் கார்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, அம்மாவோடும் பேசிவிட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அதில் என் நிலைமைக்குத் தமிழ்ப் பெயர் அச்சாகியிருந்தது: கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். குற்றச்சாட்டும் நோயின் பெயரும் ஒரே சொல். இந்தத் தற்செயல் என்னை மருந்தைவிட அதிகமாக யோசிக்க வைத்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் கணக்குப் புத்தகத்திலிருந்து வருகிறது, பற்றாக்குறை என்கிற அர்த்தத்தில். தமிழில் அது நேராக நியாயஸ்தலத்திலிருந்து வருகிறது. விபத்துச் செய்திகளில், துறைவாரி விசாரணைகளில், கணவன் மனைவி சண்டையில் நாம் உபயோகிக்கிற சொல்லை ஒரு மூளையின் சுபாவத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம். வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு சொல் இல்லை என்பதுதான் விஷயம்.

இதில் ஆங்கிலத்துக்கும் பெரிய பெருமை கிடையாது. 1798இல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மனக்கோளாறுகள் பற்றி எழுதிய புத்தகத்தில் கவனத்துக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கி, எதிலும் நிலைக்க முடியாத மனதை ஓரளவு அனுதாபத்தோடு விவரித்தார். ஆனால் 1902இல் லண்டன் ராயல் மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இந்தக் குழந்தைகள் 'தார்மீகக் கட்டுப்பாட்டில் குறை' உள்ளவர்களாக வந்தார்கள். கோளாறு உடலில் இருக்கிறது என்று சொல்லவந்தவர் அவர். சொல் மட்டும் அறத்தை விட்டு இறங்க மறுத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் இதைக் குழந்தைகளின் மிகையியக்கம் என்றது. 1980இல் கவனத்தை முன்னால் வைத்தது. 1987இல் இரண்டையும் சேர்த்து ஏடிஹெச்டி என்றது. 2013இல், அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தென்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பன்னிரண்டாகத் தளர்த்தியது. இந்த வரிசையைப் பார்த்து, வியாதியே ஒரு கற்பனை என்று சொல்லிவிட ஒரு விமர்சகனுக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் 42,000 ரூபாய் கற்பனை அல்ல.

நம்மிடம் இதைவிடப் பழைய வரிசை ஒன்று இருக்கிறது. குறளில் மடியின்மை அதிகாரத்தில் காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், தூக்கம் நான்கையும் வள்ளுவர் ஒரே குறளில் கட்டிவைத்திருக்கிறார். போதாதென்று மறவாமைக்காகப் பொச்சாவாமை என்று தனியே ஓர் அதிகாரம். ஓர் அரசனுக்கோ அமைச்சனுக்கோ சொல்லப்பட்டதை எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைத்தார்கள். மறதியும் சோம்பலும் ஒரே குடும்பம் என்று எட்டு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சோம்பேறி இல்லாத ஒருவன் மறக்கக்கூடும் என்பது தெரிய முப்பத்துமூன்று வயதாயிற்று.

இந்த ஊரில் அது தெரிவது இன்னும் கஷ்டம். ஷரத் சாரி என்பவர் திருப்பூரைப் பற்றி எழுதி 2004இல் வெளியான ஆராய்ச்சிப் புத்தகம் ஒன்று உண்டு. தோட்டத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்து முதலாளியானவர்கள், தங்கள் உயர்வுக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை அவர் பின்தொடர்ந்து போகிறார்: உழைப்பு. அந்தச் சொல் எதையெல்லாம் காட்டுகிறது, எதையெல்லாம் மறைக்கிறது என்பது அவர் கேள்வி. அவர் கேட்காத ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன்: உழைப்பே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்புகிற ஊரில், தவறிப்போகிறவனுக்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்? ஒன்றரை ஷிப்ட் என்பதைச் சாதாரண வேலைநாளாக எடுத்துக்கொண்ட ஊர் இது. ஷிப்மெண்ட் தேதி தவறினால் சரக்கைக் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பி நஷ்டப்பட வேண்டும் என்பது எங்கள் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும். இங்கே காலம் என்பது தத்துவப் பிரச்னை அல்ல.

என் அப்பா கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தவர். ஒரு துணி தவறாக வெட்டியதாகச் சரித்திரம் இல்லை. நான் பால் வாங்கப் போய்ப் பாலில்லாமல் திரும்பும்போது அவர் அடித்ததில்லை. "நெனப்ப எங்கடா வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்பார். உண்மையாகவே பதில் எதிர்பார்க்கிறவர் போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். அடி மேல்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளிலிருந்து ஆறு முதல் பதினொரு வயதுவரையுள்ள 770 குழந்தைகளைப் பரிசோதித்து, 11.32 சதவீதத்தினரிடம் இந்தக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. நான்கே பள்ளிகள் என்பதால் அந்த எண்ணைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டியதில்லை. இருந்தாலும், ஐம்பது பேர் உட்கார்ந்த என் வகுப்பில் என்னைப் போல இன்னும் நான்கு பேராவது இருந்திருக்கலாம். அவர்களில் எவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை என்று என்னால் பெயர் சொல்லாமல் நினைவுகூர முடிகிறது.

நான் தாண்டியது எப்படி என்பதும் இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் கோச்சிங் என்றால் கோச்சிங் சென்டர். மாடிப்படி, தகரக் கூரை, சுவரில் தேர்வானவர்களின் புகைப்படங்கள். பி.ஏ. ஆங்கிலம் முடித்து மூன்று வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்த பிறகு அப்படி ஒன்றில் சேர்ந்தேன். வங்கி எழுத்தர் தேர்வின் முதல்கட்டம் நூறு கேள்வி, அறுபது நிமிஷம். தினமும் காலையில் ஒருவர் ஸ்டாப் வாட்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டு எங்கள் எதிரே பேசாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஒரு பக்கம் தாண்டாதவன் அங்கே நூறு கேள்வியும் முடித்தேன். பாஸானது என் புத்தியால் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மருத்துவர் "மாத்திரையோடு ஒரு ஏடிஹெச்டி கோச்சையும் பாருங்கள்" என்றபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல். அந்தச் சொல்லின் வம்சாவளி ஆங்கிலம் படித்தவனுக்குத் தெரியும்: ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த வண்டி; 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டில், மாணவனைப் பரீட்சை தாண்டிச் சுமந்து போகிற ஆசிரியருக்குக் கேலிப்பெயர்; பிறகு விளையாட்டு மைதானம்; பிறகு கம்பெனி நிர்வாகிகள். கடைசி வகையறாவின் புத்தகங்களை ரயில் நிலையக் கடைகளில் பார்க்கிறோம். தன்னம்பிக்கை வியாபாரத்தின் மீது நமக்கிருக்கிற நியாயமான அருவருப்பு எனக்கும் உண்டு. இந்தக் கோளாறுக்கென்று கோச் என்ற யோசனையைப் பரவலாக்கியவர்கள் ஹாலோவெல், ரேட்டி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள். 1994இல் வந்த அவர்கள் புத்தகத்தில் கோச் என்பவர் மைதானத்தின் ஓரத்தில் விசிலோடு நிற்கிறவர். இருவரும் தங்களுக்கே இந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள். அதனால் ஒரு சலுகை கொடுத்தேன்.

மாத்திரை பற்றி இரண்டு வரி. மெத்தில்பெனிடேட் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தடவை பார்ப்பார். அது வேலை செய்தது. ஆனால் கவனத்தைத் தந்ததே ஒழிய எதன்மேல் வைப்பது என்று சொல்லவில்லை. மாத்திரை போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளை வருஷவாரியாக அடுக்கினேன். நகுலன் பற்றி நான்கு வருஷமாக முடிக்காமல் வைத்திருந்த கட்டுரை பக்கத்திலேயே கிடந்தது.

அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் கோச் முதல் நாள் பேசினார். முன்பு சிறப்புப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். வியாழக்கிழமை இரவு 9 மணி, போனில், அரைமணி நேரம்.

"அந்தக் கட்டுரைய முடிக்கணும்னா, சார், முதல்ல உங்க கை எதைத் தொடணும்?"

"குறிப்பு எழுதின நோட்டு, மேடம்."

"அது இப்ப எங்க இருக்கு?"

தெரியவில்லை என்றேன்.

"அப்ப இந்த வாரம் வேலை நோட்டைத் தேடறது. கட்டுரை இல்லை."

நாற்பது நிமிஷம் நகுலனின் காலப் பிரக்ஞை பற்றிப் பேசத் தயாராக இருந்தவனுக்கு இது அவமானமாக இருந்தது. நோட்டு பரண்மேல், கரண்ட் பில்களோடு கிடைத்தது.

பிறகு நடந்ததும் இதே உயரத்தில்தான். அவர் ஆலோசனை சொல்வதில்லை, கேட்பார். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம், எதைப் பார்த்தால் ஞாபகம் வரும், தவறினால் என்ன செய்வீர்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கடிதம் வந்தால் அது எங்கே போகும் என்று கேட்டார். டிராயருக்கு என்றேன். டிராயருக்குப் போகாமலிருக்க என்ன வழி என்றார். யோசித்து, பதிவு முடியும்வரை கடிதத்தை இடது கையை விட்டு இறக்குவதில்லை என்று நானே சொன்னேன். ஒரு கையால் நான் டைப் அடிப்பதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போன் அலாரம் இரண்டு வாரம் உதவியது; மூன்றாவது வாரம் காதில் விழவில்லை. எந்த ஏற்பாடும் இப்படிச் செத்துப்போகும், அது உங்கள் தோல்வி அல்ல, வேறு ஒன்று செய்வோம் என்றார். முள் நகர்வது தெரிகிற பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கினேன். ரஸல் பார்க்லி என்ற உளவியலாளர் பல வருஷமாகச் சொல்லிவருவது இதுதான்: இவர்களுக்குத் தெரியாதது என்று ஒன்றுமில்லை, தெரிந்ததைச் செய்யவேண்டிய நேரத்தில் செய்ய முடிவதில்லை, ஆகவே உதவி கிளினிக்கில் அல்ல, வேலை நடக்கிற இடத்தில் இருக்கவேண்டும். புத்திமதி ஏன் எங்களிடம் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் படித்ததில்லை. புத்திமதி தெரியாதவனுக்குத்தான்.

இரண்டாவது மாதம் நான் பொய் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதியாயிற்று என்றேன். ஒரு வரி எழுதவில்லை. அடுத்த வாரம் அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி அவர் கேட்டபோது ஒப்புக்கொண்டேன். பொய்க்குப் பழகிய மௌனம் ஒன்று உண்டு; மறுமுனையில் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். "அப்ப நாம வெட்டின துண்டு பெரிசு. பாதியாக்குவோம்" என்றார். அந்த நிமிஷம்தான் கோச்சிங் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியதாகச் சொல்லலாம். வாழ்நாள் முழுவதும் என் தவறுகள் என்னைப் பற்றிய சாட்சியங்களாகவே இருந்தன. இங்கே ஒருவர் அதை வேலையின் அளவைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டார்.

கைமடி என்று எங்கள் ஊரில் ஒரு வேலை இருக்கிறது. பவர் டேபிளில் தைக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பீஸை மடித்து, அவர் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டே இருப்பது. கைமடி தைப்பதில்லை. தைக்கிறவருக்குத் தைக்கக் கற்றுத் தருவதும் இல்லை. ஆனால் கைமடி எழுந்துபோனால் மிஷின் நிற்கும். பதின்மூன்று வயதில், முழுப்பரீட்சை லீவில், நான் கைமடியாக உட்கார்ந்திருக்கிறேன் (2016ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வயதில் கம்பெனிக்குள் உட்கார முடியாது). ஆச்சரியமாக, அந்த வேலையில் எனக்குக் கவனம் தவறியதே இல்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் பக்கத்தில் இருக்க, கை தானாக ஓடியது. இதை ஒரு வியாழக்கிழமை சொன்னேன். இன்னொருவர் பக்கத்தில் சும்மா இருந்தாலே வேலை ஓடுகிற இந்த விஷயத்துக்கு இவர்கள் உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம், உடல் இரட்டை என்பது போல. கைமடியே போதும் என்று தோன்றிற்று.

இதற்கு ஆதாரம் என்ன என்று நண்பர்கள் கேட்பார்கள். 2010இல் ஸ்டீவன் ஸாஃப்ரன் குழுவும், அதே வருஷம் மேரி ஸொலான்டோ குழுவும், வயது வந்தவர்களுக்குத் திட்டமிடுதலையும் நேரத்தையும் பயிற்றுவிக்கிற உளவியல் சிகிச்சைகள் பலன் தருவதாகக் கட்டுப்பாடுள்ள ஆய்வுகளில் காட்டினார்கள். அது சிகிச்சை. கோச்சிங் பற்றிய ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய 1992ஆம் வருஷச் சட்டப்படி மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். கோச் என்று போர்டு மாட்ட எதுவும் வேண்டாம். மனச்சோர்வில் கிடக்கிறவனைக் கடிகாரம் வாங்கச் சொல்லி அனுப்புகிற ஆட்களும் இருப்பார்கள். என்னுடையவர் முதல் போனிலேயே மருத்துவரைப் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். அது என் அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல.

காசும் ஒரு விஷயம். அவருக்கு நான் மாதம் தருவது ஒரு டெய்லரின் ஒரு வாரச் சம்பளத்தை நெருங்கும். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணுகிற 21 வகைகளில் ஏடிஹெச்டி இல்லை. எனக்குக் கைமடி வைத்துக்கொள்ள வங்கிச் சம்பளம் இருக்கிறது. பக்கத்து லைன் வீட்டில் ஒரு பையன் மூன்று மாதத்தில் நான்கு கம்பெனி மாறிவிட்டான். அவனை அவன் அம்மா அழைக்கிற சொல்லை இங்கே எழுதவேண்டாம்.

இதைவிட நெருடலான இடத்துக்கு வருகிறேன். நம் வட்டத்தில் குறைவாக எழுதுவது கௌரவம். 24 கதைகளோடு மௌனி நின்றதை நாம் ஒரு தரமாகவே வைத்திருக்கிறோம். பத்திரிகை காலம் தவறி வருவதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. 'எழுத்து' 119 இதழ்கள் வந்தது என்பதற்குப் பின்னால் செல்லப்பாவின் எத்தகைய காரியக்கிரமம் இருந்திருக்கும் என்பதைவிட, அவர் பட்ட நஷ்டத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்தச் சூழலில் என் முடிக்காத கட்டுரைகளுக்கு ஒரு அந்தஸ்து கிடைத்தது. நிர்ப்பந்தத்துக்கு எழுதாதவன், அவசரப்படாதவன் என்று இரண்டு பேர் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். நானும் நம்பினேன். வங்கியில் எது மெமோவோ அது இங்கே அழகியலாக இருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால், எது தயக்கம், எது வெறும் நோட்டுத் தொலைந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இதைக் கொண்டு மௌனிக்கு வியாதி கண்டுபிடிக்கிற அற்பத்தனத்துக்கு யாரும் இறங்க வேண்டாம். என் விஷயத்தில் மட்டும் சொல்கிறேன், பாதிக்கு மேல் நோட்டுத்தான்.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். மனிதனை ஒன்றரை ஷிப்டுக்குப் பொருத்துகிற இன்னொரு உபகரணம்தானே இந்தக் கோச்சிங், அலைகிற மனதின் எதிர்ப்பை ஏன் பழுதென்று ஒப்புக்கொள்கிறாய் என்று ஒரு நண்பர் கடிதத்தில் கேட்டார். அழகான கேள்வி. ஆனால் என் மனம் எதையும் எதிர்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. எனக்குப் பிடித்த காரியங்களிலிருந்தும் அது என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஜாப் ஒர்க்காரரின் கடிதத்தை மறந்தது போலவே அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க மறந்தேன். எதிர்ப்பு என்றால் அதற்கு ஆள் பார்த்து எதிர்க்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

நகுலன் கட்டுரை முடிந்தது. ஆசிரியரிடம் இருக்கிறது, அவர் அதை எப்போது போடுவார் என்பது அவர் கையில். முடித்தவுடன் மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. நான் நினைத்திருந்ததைவிடச் சுமாரான கட்டுரை. முடியாமல் இருந்தபோது அது நன்றாக இருந்தது.

இதைக் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை எழுதுகிறேன். அப்பா அந்த நேரத்தில் எழுந்துவிடுகிறவர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் போதும், பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார். கைமடி மாதிரிங்கப்பா என்றேன். ஒன்றும் சொல்லாமல் தினத்தந்தியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பதினோரு நாளாக வருகிறார். ஆறு மணிக்கு மேல் பேப்பரில் படிக்க ஒன்றும் இருக்காது. வரி விளம்பரங்களில் டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிக்கிறார். நடுவில் நான் ஜன்னலைப் பார்த்தால் தொண்டையைக் கனைக்கிறார்.